வேலை யாருக்கு, பேசுவது யார்?

(ஒத்தக்கடையில் சிறுதொழில் நடத்துவோர், பள்ளி, மருத்துவமனை நிர்வாகிகள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டறை, மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை என்று பல இடங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் நான் பேச வந்தது ஒரே விஷயம். வேலைக்கு வர வேண்டியவர் வாய் திறப்பதற்கு முன்னால் அவருடைய மாமாவோ அப்பாவோ மதினியோ நம்மைக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது, யாருக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது? வாரத்தில் ஐந்தாறு தடவையாவது நம் எல்லோருக்கும் இந்தப் போன் வருகிறது. ஆனால் இதைப் பற்றி நாம் உட்கார்ந்து யோசித்ததே இல்லை.

இந்த ஊரில் இதைப் பேசும்போது யானைமலையை விட்டுவிட முடியாது. நரசிங்கம் குடைவரைக் கோயிலில் கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனிடம் உத்தரமந்திரியாக இருந்த மாறன்காரி இந்த மலையைக் குடைந்து கோயில் எடுத்தார். நீர் தெளித்துத் தொடங்கி வைப்பதற்கு முன்பே இறந்துபோனார். அவருடைய தம்பி மாறன் எயினன் அதே உத்தரமந்திரிப் பதவிக்கு வந்து, முகமண்டபமும் கட்டி, நீர் தெளித்து முடித்தார். அண்ணனுடைய பதவி தம்பிக்கு. வேலை குடும்பத்துக்குள் போவது அன்றைய ஒழுங்கு. அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்.

ஒரு 150 ஆண்டு கழித்து, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள் வேறொரு மனத்தைக் காட்டுகின்றன. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கக் குடவோலை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவனோடு முடிந்துவிடவில்லை. அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு உறவுப் பட்டியலே போட்டு, அவர்கள் பெயரும் கூடாது என்றார்கள். அது நிலமும் வீடும் உள்ள பிராமணர்களின் சபை. ஊரில் மற்ற யாருக்கும், பெண்களுக்கும் அதில் இடம் கிடையாது. அதைச் சொல்லாமல் அந்தக் கல்வெட்டைப் பெருமை பேசுவது சரியாகாது. ஆனாலும், பொதுவேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உறவு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இரண்டு மனமும் இன்றைக்கும் நமக்குள் இருக்கின்றன. நம் தங்கச்சி மகனுக்கு என்று வரும்போது யானைமலைக் கல்வெட்டு பேசுகிறது. அடுத்தவர் தங்கச்சி மகன் என்றால் உத்திரமேரூர்.

இனி அந்தப் போனுக்கு வருவோம். உங்களில் யாருக்கும் இது புதிதாக இருக்காது.

“அண்ணே, வணக்கம்ணே. மேலூர்ல இருந்து பேசுறேன். நம்ம தங்கச்சி மகன் டிப்ளமா மெக்கானிக்கல் முடிச்சிருக்கான். ஒங்க கம்பெனில ஆள் எடுக்குறதாச் சொன்னாங்க. பய ரொம்ப நல்ல பயண்ணே, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. தகப்பன் இல்லாத பிள்ள. நீங்கதான் பாத்துச் செய்யணும்.”

இந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஆள் எடுக்கிறீர்களா என்று அவர் கேட்பது ஒரு தகவல். பையன் நல்லவன் என்பது ஒரு சாட்சி. நீங்கள்தான் பார்த்துச் செய்யணும் என்பது நம் தலையில் ஏற்றி வைக்கும் ஒரு கடமை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். நாமும் ஒரே மூச்சில், “ஆகட்டும்ணே, பாப்போம்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறோம்.

நான் பல வருஷம் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதைவிடக் கெடுதலான பதில் இல்லை. நாம் மரியாதைக்காகத் தட்டிக் கழிக்கிறோம். அங்கே, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில், அது வாக்காகிவிடுகிறது. “அண்ணன்கிட்டப் பேசியாச்சு, பாக்குறேன்னு சொல்லிட்டாரு” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் ஸ்ரீபெரும்புதூருக்கோ ஓசூருக்கோ கூப்பிட்ட வேலைக்குப் பையன் போகாமல் இருந்துவிடுவான். இரண்டு மாதம் கழித்து, “கடைசில ஏமாத்திட்டாய்ங்க” என்பார்கள். நாம் சொன்ன ஒரு மழுப்பலுக்கு அந்தப் பையன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறான்.

வேறு சிலர் இதற்கு நேர் எதிராக நடக்கிறார்கள். “சிபாரிசெல்லாம் இங்க வேலைக்கு ஆகாது, அவனையே பேசச் சொல்லுங்க” என்று பட்டென்று போனை வைத்துவிடுவார்கள். நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற திருப்தி அவர்களுக்கு. ஆனால் அந்த மாமா ஏன் கூப்பிட்டார் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

ஏன் கூப்பிடுகிறார்? வெளியாளிடம் பேசத் தெரிந்தவர் அந்தக் குடும்பத்திலேயே அவர் ஒருவர்தான். பையன் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படித்தவன். கம்பெனி என்றால் இங்கிலீஷில் பேசுவார்கள் என்ற பயம். பெண் பிள்ளையாக இருந்தால் பல வீடுகளில் அவளுக்குத் தனியாகப் போனே கிடையாது; அண்ணன் கையில்தான் இருக்கும். இந்த வீட்டுக்காரர்கள் சட்டம் தெரியாமல் குறுக்கு வழி தேடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நேர்வழி அவர்களுக்குத் தெரியவே இல்லை.

ஒரு பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். இங்கே வேளாண்மைக் கல்லூரி 1965-லேயே வந்துவிட்டது. உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் வந்தது. அதனால் இந்தச் சாலையில் ஜெராக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை; பயோடேட்டா தயாராவதும் அங்கேதான். அங்கே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி இவற்றை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுப்பார்கள். செல் நம்பர் என்ற இடத்தில் மாமா நம்பர், ஏனென்றால் பையன் போனுக்கு ரீசார்ஜ் முடிந்துபோயிருக்கும். இமெயில் என்ற இடத்தில் பல சமயம் கடைக்காரருடைய முகவரியே இருக்கும். நாம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு அனுப்பும் மெயில் அந்தக் கடையில் யாரும் திறக்காமல் கிடக்கும். பையன் வரவில்லை, அக்கறை இல்லாதவன் என்று நாம் எழுதி மூடிவிடுவோம். அக்கறை இருந்தது, அவனைப் போய்ச் சேரும் வழி நம்மிடம் இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். கூப்பிட்ட உறவினருக்கு மரியாதை குறைவில்லாமல் இருக்க வேண்டும். அவரவர் சங்கதி அவரவருக்கு மட்டும் போக வேண்டும். வேலைக்கு வர வேண்டிய ஆளைத் தேடிப் பிடித்துப் பேச வைப்பது நம் பொறுப்பு. முதல் இரண்டையும் பலர் ஒத்துக்கொள்வீர்கள். மூன்றாவதைத்தான் நாம் செய்வதில்லை.

மேலூர் அண்ணனுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். “கூப்பிட்டதுக்கு நன்றிண்ணே. ஆமா, ரெண்டு பேரு எடுக்குறோம். லேத், மில்லிங் தெரியணும். சம்பளம் இவ்வளவுல இருந்து இவ்வளவு வரைக்கும். பதினஞ்சாம் தேதிக்குள்ள வரணும், மார்க் ஷீட் ஒரிஜினல் வேணும், பணம் காசு யாருக்கும் கொடுக்க வேண்டாம். தம்பி பேரு என்ன? பக்கத்துல இருந்தா போனக் கொடுங்க, நானே பேசுறேன். இல்லன்னா சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்க, ஒங்க போன்ல இருந்தே கூப்பிடட்டும்.” அவ்வளவுதான். அதில் ஊருக்கே தெரியலாம் என்ற தகவல் எல்லாம் அவருக்குக் கிடைத்துவிட்டது. வாக்கு எதுவும் போகவில்லை. பையனுக்கு ஒரு மணி குறித்தாகிவிட்டது.

அவன் ஆறு மணிக்குக் கூப்பிட்டால், அந்தப் பேச்சு மாமா சொன்ன சாட்சியைவிட நமக்கு அதிகம் சொல்லும். பயந்து பேசினாலும் பரவாயில்லை. “என்ன மிஷின்ல பழகியிருக்க?” என்று தமிழில் கேட்டால் தமிழில் சொல்வான். கூப்பிடவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில். வேலை ஆசை மாமாவுக்கு இருந்திருக்கிறது, பையனுக்கு இல்லை.

அரசாங்கம் இந்தச் சிக்கலை வெகுகாலமாகப் பார்த்து வருகிறது. சென்னை மாகாணத்தில் 1929-இல் சட்டம் போட்டுச் சர்வீஸ் கமிஷன் அமைத்தார்கள். மாகாண அளவில் இந்தியாவிலேயே அதுதான் முதல். அதன் வழித்தோன்றல்தான் இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். ஓர் அதிகாரியின் கையில், அவருக்கு வேண்டியவர் கையில் இருந்த வேலையைப் பரீட்சைக்கும் பொது அறிவிப்புக்கும் கொண்டுவந்த காரியம் அது. செல்வாக்குப் பிடிக்க முயன்றால் விண்ணப்பம் தள்ளுபடி என்று தேர்வாணையங்களின் அறிவிப்புகளில் இன்றும் அச்சிடுகிறார்கள்.

மத்திய அரசில் இன்னும் நேராகவே ஒரு சுற்றறிக்கை உண்டு. அரசு ஊழியர்களுக்காக அவர்களுடைய உறவினர்கள் மனு எழுதுவது பற்றி 1963-லேயே உள்துறை அமைச்சகம் எழுதியது. ஊழியர் தானே போட்ட மனு தள்ளுபடியான பின் அதற்கு உயிர் கொடுக்கவும், மேலதிகாரி வழியாகப் போக வேண்டும் என்ற விதியைச் சுற்றிப் போகவும் மனைவி பேரிலோ தகப்பன் பேரிலோ மனு வருகிறது, அதை ஊக்கப்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். ஊழியர் இறந்துவிட்டாலோ, உடல் முடியாமல் தானே எழுத இயலாமல் போனாலோ மட்டும் விலக்கு. அந்த விலக்கைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கதவைச் சாத்தும்போதே, யாருக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம், படிக்காதவர்கள் பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2007-இல் 725 நிறுவனங்களைக் கேட்டு ஓர் ஆய்வு செய்தது. பிள்ளைக்காகப் பெற்றோர் ரெஸ்யூம் அனுப்புவது, வேலை கிடைக்காவிட்டால் ஏன் என்று சண்டைக்கு வருவது, இன்டர்வியூவுக்கே கூட வருவது எல்லாம் அங்கேயும் நடக்கிறது. ஜப்பானில் கம்பெனிகளே பெற்றோரைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கு இந்த வேலை கொடுத்திருக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆள் கிடைக்காத நாட்டில் பெற்றோர் வேண்டாம் என்றால் பையன் வரமாட்டான் என்ற கவலை அவர்களுக்கு. நம் நிலைமை வேறு. இங்கே ஆள் நிறைய, வேலை கொஞ்சம்; அதனால் உறவின் பலம் யாருக்கு இருக்கிறதோ அவர் முன்னால் வந்துவிடுகிறார். உறவில்லாதவன், போன் போட மாமா இல்லாதவன், அவன் பயோடேட்டா அடியில் கிடக்கிறது. நாம் ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டியது அவனுக்காக.

உறவினர் வழியாகவே ஆள் எடுத்தால் என்ன, நல்லவர்கள்தானே வருகிறார்கள் என்று கேட்கும் முதலாளிகளும் இங்கே இருக்கலாம். அதற்கு நம் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் ஆள் கூட்டிப் போனவர் கங்காணி. அவர் அந்நியர் இல்லை. அதே ஊர், பல சமயம் அதே சாதி, சொந்தக்காரர். முன்பணத்தைக் கொடுத்துச் சொந்தபந்தத்தோடு கப்பலேற்றினார். கடனும் உறவும் சேர்ந்து கட்டிவிட்டதால் கூலிக்காரர் வாய் திறந்து துரையிடம் பேச வழியில்லை. இலங்கையில் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளோடு சேர்த்துக் கைமாற்றும் முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

அது பழைய கதை என்றால், நம் காலத்துக் கதை ஒன்று இருக்கிறது. திண்டுக்கல், கோயம்புத்தூர், ஈரோடு, விருதுநகர்ப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. புரோக்கர் பேசியது அப்பாவிடம், மாமாவிடம். தொகை சொன்னதும் அவர்களிடம். அந்தப் பிள்ளையிடம், “உனக்கு ராத்திரி ஷிஃப்ட் முடியுமா, ஹாஸ்டலை விட்டு வெளியே போக விடமாட்டார்கள், சரியா?” என்று யாரும் கேட்கவில்லை. முடியாமல் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே வீடு திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. தகப்பனுக்குத் தன் மகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. வேலை அவளுடையது, ஒப்பந்தம் இன்னொருவருடையது, கோளாறு அங்கேதான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தொழிற்சாலையில் பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்றிருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவு வேலை செய்யலாம் என்றது. கடைகள் நாள் முழுதும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு போட்ட 2022 ஆணையிலும், இரவு எட்டு மணிக்குமேல் வேலைக்கு வைக்கப் பெண் ஊழியரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. கையெழுத்து அவளுடையது. அப்பா போன் போட்டு, “ராத்திரி டூட்டி போடாதீங்க” என்றாலும், “போடுங்க, பரவால்ல” என்றாலும் அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். அப்பாவுக்குச் சொல்ல நமக்கு வேறு நல்ல பதில்கள் இருக்கின்றன: வண்டி எத்தனை மணிக்கு வரும், எங்கே இறக்கிவிடும், டிரைவர் யார், அவசரத்துக்கு எந்த நம்பர். இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவுக்குப் பிள்ளையை அனுப்பும் தகப்பனுக்கு உண்மையில் வேண்டியதும் இதுதான். இதை அவர் கேட்பதற்கு முன்பே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போனே வராது.

அடுத்தது, எடுக்கவில்லை என்றபின் வரும் போன். “ஏன்ணே எடுக்கல? என்ன குறை எங்க பயலுக்கு?” இதற்கு மட்டும் மாமாவிடம் காரணம் சொல்லவே சொல்லாதீர்கள். “டிராயிங் படிக்கத் தெரியலண்ணே” என்று நாம் யதார்த்தமாகச் சொல்வோம். அது சித்தப்பா வீட்டுக்குப் போகும், பங்காளி வீட்டுக்குப் போகும், கடைசியில் பெண் பார்க்கும் இடத்தில் வந்து நிற்கும். கண் பரிசோதனையில் நிறம் தெரியவில்லை, ரத்தத்தில் சர்க்கரை என்பதெல்லாம் இன்னும் மோசம். மனிதன் உடம்புச் சங்கதி அவனுக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரியக்கூடாது. ஆனால் பையனுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். “டிராயிங் படிக்கப் பழகிட்டு ஆறு மாசம் கழிச்சு வா” என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால், அது அவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு வேலைத்திட்டம். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம்: மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டு, பையனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். கூட அனுப்புவதில்லை.

நாம் சேகரிக்கும் விவரங்களுக்கு இப்போது ஒரு சட்டமும் வந்திருக்கிறது: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மனுவில் உள்ள விவரம் மனுதாரருடையது, ஆள் எடுக்கும் காரியத்துக்காக நம்மிடம் வந்தது, வேறு எதற்கும் கைமாறக் கூடாது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. சின்னப் பட்டறைக்குக்கூட வாட்ஸ்அப்பில்தான் பயோடேட்டா வருகிறது. அதை அப்படியே இன்னொரு குரூப்புக்குத் தட்டிவிடும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும்.

வேலை விசாரிப்பது போல வந்து வேறெதையோ விசாரிக்கும் போனும் உண்டு. “ஒங்ககிட்ட இன்னாரு வேலை செய்றாராண்ணே? சூப்பர்வைசர்னு சொன்னாங்க, சம்பளம் நாப்பதாமே?” சம்பந்தம் பேசுகிற வீடு. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் விசாரிப்பதில் தப்பில்லை. பொய்யான சம்பளத்தைச் சொல்லிக் கட்டிக்கொடுத்து அழுத வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக நாம் ரிஜிஸ்டரைத் திறந்து படிக்க முடியாது. “அவர்கிட்டயே சம்பளச் சீட்டு கேளுங்கம்மா, நாங்க மாசாமாசம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்குறோம்” என்றால் போதும். உண்மையைக் காட்ட விரும்புகிறவர் காட்டுவார்.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். சிபாரிசுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பணம் நின்றுகொண்டிருக்கிறது. “பாத்துச் செய்யுங்க” என்ற பேச்சு, “என்ன செய்யணுமோ செஞ்சிருவோம்” என்று மாற ஒரு நாள் போதும். போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாக வந்த வழக்கில், கொடுத்தவரும் வாங்கியவரும் சமாதானமாகிவிட்டோம் என்றபோது, 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலைக்குப் பணம் என்பது இரண்டு பேருக்கு இடையில் முடிந்துபோகும் கடன் விவகாரம் இல்லை, தகுதியிருந்தும் வெளியே நின்றவர்களும் அதில் பாதிக்கப்பட்டவர்கள் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டில் 99 பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தேர்வெழுதத் தடை விதித்தார்கள். அந்த 99 பேருக்கும் வீடு இருக்கிறது. இப்படி விற்ற நகை, எழுதிக்கொடுத்த நிலம் எல்லாம் பெரும்பாலும் பெற்றவர்களுடையது, மாமனாருடையது. உறவினர் பாசத்தில் செய்கிறார், தண்டனை பிள்ளைக்கு. அதனால்தான் முதல் போனிலேயே, யாரும் கேட்பதற்கு முன்பே, “பணம் காசு யாருக்கும் கொடுக்க வேண்டாம்” என்று சொல்லிவிடச் சொன்னேன். நம் பெயரைச் சொல்லி வெளியே ஒருவன் வாங்கிக்கொண்டிருக்கலாம். அதைத் தடுக்க நம்மிடம் உள்ள ஒரே வழி அந்த வாக்கியம்.

இன்டர்வியூ நாளில் கூடவே வருகிறவர்களை வெயிலில் கேட்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், எத்தனை மணிக்கு முடியும் என்ற தகவல் கொடுங்கள். அறைக்குள் மட்டும் மனுதாரர் தனியாக வரட்டும். காது கேளாதவர் என்றால் சைகை மொழி தெரிந்தவர் உள்ளே வரலாம், வர வேண்டும். பார்வை இல்லாதவர் துணைக்கு ஆள் கேட்டால் மறுக்கக் கூடாது. அப்போதும் கேள்வியை நேராக மனுதாரரைப் பார்த்துக் கேட்க வேண்டும். துணைக்கு வந்தவரைப் பார்த்து, “இவரால முடியுமா?” என்று கேட்பதைப் போல ஒருவரைச் சிறுமைப்படுத்தும் காரியம் வேறில்லை.

போன் இல்லாத பெண்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் பார்த்ததில் பலன் கொடுத்தது இதுதான்: வாரத்தில் ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட மணி நேரம், மனு போடாமலே யாரும் நேரில் வந்து பேசலாம் என்று கேட்டில் எழுதி ஒட்டுங்கள். திருமோகூரிலிருந்தோ நரசிங்கத்திலிருந்தோ அம்மாவோடு வருகிற பெண்ணிடம், அவள் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, அவளிடமே விவரம் கேட்டு, அவள் கையாலேயே மனுவை எழுதி வாங்குங்கள். ஊருக்குள் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. வேலை அறிவிப்பை அங்கே கொடுத்தால் அவள் கைக்கே போய்ச் சேரும். கே.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புவதை விட்டுவிடாதீர்கள்.

உறவினரிடம் ஒன்றுமே சொல்லாதே என்பது என் பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரிடம்தான் எல்லாம் சொல்ல வேண்டும் என்ற நேரம் ஒன்று உண்டு. வேலையில் இருப்பவர் இறந்துபோனால் வருகிற உறவினர் வேறு ஆளுக்காக வரவில்லை; தனக்காக வருகிறார். அரசுப் பணி என்றால் கருணை அடிப்படை நியமனம். அதற்கென 2023-இல் தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்துள்ளன. மனுவுக்குக் காலக்கெடு மூன்று வருஷம். துக்கத்தில் இருக்கும் மனைவிக்கு அது தெரியாது. அலுவலகம்தான் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். கொழுந்தன் கூட வந்து, “அண்ணிக்கு எதுக்கு வேலை, என் மகனுக்குக் கொடுங்க” என்று பேசுவார். அங்கேயும் அந்த அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டியது நம் வேலை.

தனியார் நிறுவனம் என்றால் பி.எஃப். தொகை, குடும்ப ஓய்வூதியம், ஊழியர் வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். பல குடும்பங்களுக்கு அந்தக் காப்பீடு இருப்பதே தெரியாது, ஏனென்றால் சம்பளத்தில் அதற்குப் பிடித்தம் கிடையாது, முதலாளி கட்டுகிறார். படிவங்களை நாமே எடுத்துக் கொடுத்து, நாமே நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே வந்து நிற்கும் சிக்கல் பெரும்பாலும் நாமினி பெயர்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று, குடும்பம் என்று ஒன்று ஆகாதபோது யார் பெயரையோ எழுதியிருப்பான். கல்யாணம் ஆகிக் குடும்பம் வந்தபின் அந்த நியமனம் செல்லாது என்பது பி.எஃப். விதி, புதிதாகப் போட வேண்டும். யாரும் போடுவதில்லை. உங்கள் தொழிலாளி கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிற அன்றைக்கே, வாழ்த்துச் சொல்லிவிட்டு, நாமினிப் படிவத்தை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் அதை எழுதி வாங்கி ஃபைலில் போடுங்கள்.